சுற்றி வந்த மூட்டை

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள் புஷ்பமேரி. தனக்குக் கதை சொல்ல வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. விடுதிப் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் படக்கதைகளை ஒன்று விடாமல் பார்த்து முடித்தாள். "எல்லாரும் பறக்குறானுங்க. பூண்டு மூட்டை தூக்க ஒருத்தனுக்கும் துப்பில்ல" என்று சொல்லிவிட்டு, 1978இல் தானே வரைய உட்கார்ந்துவிட்டாள்.

கதைக்குப் பஞ்சமில்லை. பூம்பாறையில் பூண்டு போடும் சூசையம்மாள் அவளுடைய சின்ன வயதுத் தோழி. எடைக்கல் வைக்கும் தட்டின் அடியில் கல்லை ஒட்டி ஏமாற்றிய தரகனை சூசை சந்தையில் கையும் களவுமாகப் பிடித்தாள். பிடித்ததோடு விட்டாளா, மூட்டையை அவன் தலையிலேயே ஏற்றி பஸ் வரைக்கும் சுமக்க வைத்தாள்.

புஷ்பமேரி அதை ஒரே பக்கத்தில், வரிசைக்கு இரண்டாக ஆறு படம் போட்டாள். சூசை தலையில் மூட்டையோடு வருகிறாள்; எடை குறைய, தலையில் கைவைத்து உட்காருகிறாள்; தட்டின் அடியில் குனிந்து பார்க்கிறாள்; கல்லைக் கையில் எடுத்து நிற்கிறாள்; சந்தையே சிரிக்கிறது; தரகன் மூட்டை சுமக்கிறான். சூசைக்கு எழுத்து தெரியாது என்பதால் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கேள்வித்தாள் ஓட்டும் சைக்ளோஸ்டைல் மெஷினில் ஆபீஸ் கிளார்க் கஸ்பார் பிரதி எடுத்துக் கொடுத்தார். முதல் பிரதி பஸ்ஸில் பூம்பாறைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை தோழியைப் பார்க்கப் போனால், சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏண்டி, பேச மாட்டியா?"

"என்னத்தப் பேச? நான் குனிஞ்சு பாக்குறேன், ஊரே சிரிக்குது. அவன் மூட்டையத் தூக்கிட்டுப் போயிர்றான். நான் வெறுங்கல்ல வச்சுக்கிட்டு நின்னு, கடைசியில தலையில கைய வச்சு ஒக்காந்து கெடக்கேன். ஜெயிச்சவளத் தோக்கடிச்சுட்டியேடி!"

புஷ்பமேரி தாளை அவள் முன்னால் விரித்தாள். "எங்க, விரல வச்சுக் காட்டு" என்றாள். சூசையின் விரல் இடப்பக்கம் மேலிருந்து கீழே இறங்கி, வலப்பக்கம் கீழிருந்து மேலே ஏறியது. ஊர் மாதா கோயிலில், ஏசு சிலுவை சுமந்து போன சிலுவைப்பாதைப் படங்கள் அப்படித்தான் இருக்கும். பீடத்தருகே தொடங்கி இடச் சுவரோடு வாசலுக்கு வந்து, வலச் சுவரோடு பீடத்துக்கே திரும்பும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சுவர்களைச் சுற்றித்தான் சூசை படம் பார்க்கப் பழகியிருந்தாள்.

"நீ பாத்ததுதான் சரி. நாந்தான் மாத்திப் போட்டுட்டேன்" என்றாள் புஷ்பமேரி.

சூசையின் விரல் போன வழியிலேயே படங்களை மாற்றி வரைந்து கொண்டுபோனபோது, கஸ்பார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "படக்கதைன்னா இடமிருந்து வலம்தாம்மா. இப்படிப் போட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கத்தான் சார் போடுறேன்."

டவுன்காரர்கள் திண்டாடக் கூடாதே என்று ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு வழிகாட்டும் குட்டிப் பாதச் சுவடுகள் வரைந்தாள். பின்னால் பத்து வருஷம் அவள் போட்ட கதைகள் எல்லாம் அந்தச் சுவட்டோடுதான் சுற்றி வந்தன. ஆனால் அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாசகி.

புதுத் தாளைத் தானே கொண்டுபோய் நீட்டினாள். பூண்டு வயலில் நின்றபடி சூசையின் விரல் இறங்கியது, ஏறியது. கடைசிப் படம் இப்போது மேலே, முதல் படத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. சூசை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏண்டி மேரி, இங்க மூட்டை எந்தலையில இருக்கு. பக்கத்துலயே பாரு, அவந்தலைக்குப் போயிருச்சு!"

வரைந்தவளே அதை அப்போதுதான் கவனித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சூசை அடுத்த வயலைப் பார்த்துக் கத்தினாள்.

"சோலியப் போட்டுட்டு வெரசா வாங்கடி! படத்துல நான் வந்திருக்கேன்!"