கிலோமீட்டர் எழுதாத பாட்டில்

மாலை நாலு இருபதுக்குச் செய்தி வந்தது. ஒலக்கூர் தாண்டி ஒரு கார் மீடியனில் மோதிவிட்டது, ஓட்டிப்போனவர் உங்கள் வீட்டுக்காரர்தான் என்று போனில் யாரோ சொன்னபோது, திண்டிவனம் பைபாஸ் ஓரத்து ஒர்க் ஷாப்பில் அம்சா ஒரு காலி பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் விருத்தாசலம், கெடார் கிராமத்தில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. விழுப்புரத்து லாரிப் பட்டறையில் தொழில் கற்று, சொந்தமாகக் கொட்டகை போட்டவர். வாரநாளில் ஆபீசுக்கும் ஞாயிறன்று ரேஸ் டிராக்குக்கும் ஒரே காரை ஓட்டுகிறவர்கள் சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் அவரைத் தேடி வந்தார்கள். ஓடிய ஆயிலில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்புவார். செம்பும் ஈயமும் அதில் ஏறியிருந்தால் இஞ்சின் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம்; அந்த வண்டி டிராக் பக்கம் போகக் கூடாது. ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வதும் லேபிள் எழுதுவதும் கெமிஸ்ட்ரி படித்த அம்சாவின் வேலை. ஆயில் எடுப்பதை மட்டும் அவர் யார் கையிலும் விடமாட்டார். இஞ்சின் சூடாக இருக்கும்போது தானே எடுப்பார்.

ஒரே ஒரு முறை தவறியது. கெடாரில் ஒரு சாவுக்கு அவர் போயிருந்த நாளில், வாடிக்கையாளன் கோகுலகிருஷ்ணன் தானே எடுத்த ஆயிலோடு வந்தான். அவன் வண்டியின் இஞ்சினில் ஏதோ தட்டும் சத்தம் கேட்கிறது என்று விருத்தாசலம் முன்பே எச்சரித்திருந்தார். ஆயில் மாற்றினீர்களா என்று அம்சா கேட்டாள். இல்லை, மூவாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆயில் என்றான். அவ்வளவு ஓடிய ஆயில் கறுத்திருக்கும்; பாட்டிலில் அது புது ஆயில் போலத் தேன் நிறத்தில் இருந்தது. அவள் பார்த்தாள். பார்த்தும், அவன் சொன்னபடியே எழுதினாள்.

ரிப்போர்ட் சுத்தமாக வந்தது.

"லேபே நல்லாருக்குன்னு சொல்லிட்டான். உங்க காதுக்குத்தான் ஒரு டெஸ்ட் எடுக்கணும் மாஸ்டர்" என்று கோகுலகிருஷ்ணன் சிரித்தான். வருகிற ஞாயிறு டிராக்கில் அவன் பெயர் கொடுத்திருந்தான். விருத்தாசலம் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் மூன்றரை மணிக்கு வண்டியைக் கிளப்பினார். "ஒரு ரவுண்டு போய் சூடேத்திக்கினு வர்றேன் அம்சா. இந்த வாட்டி நானே எடுக்கறேன். கிலோமீட்டர மட்டும் விட்டு வை, வந்து சொல்றேன்."

ரிப்போர்ட் கெட்டதாக வந்திருந்தால் அந்த வண்டியை அவர் கொட்டகையை விட்டு நகர்த்தியிருக்கமாட்டார். ஓட்டத்திலேயே பேரிங் பிடித்துக்கொண்டது. இஞ்சின் நின்றது, சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. ஊரில், ரேஸ் வண்டியைக் கண்டதும் ஆசையில் விரட்டியிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

சாவுக்குக் கோகுலகிருஷ்ணன் பெரிய மாலையோடு வந்தான். ஆட்கள் விலகிய நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, உங்ககிட்ட கொண்டு வர்றதுக்கு முந்தின நாள்தான் ஆயில் மாத்தியிருந்தேன். சொல்ல மறந்துட்டேன்."

"நான் கேட்டேனே" என்றாள் அம்சா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளும் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆயில் மாற்றவில்லை என்பது அவள் கையெழுத்தில்தான் லேபுக்குப் போயிருந்தது.

காலி பாட்டில் அலமாரியில் இருக்கிறது. வண்டி எண், தேதி, ஆயிலின் பெயர் எல்லாம் லேபிளில் எழுதியாகிவிட்டது. கிலோமீட்டர் எழுதவில்லை.