பேட்டரி கழற்றிய கேமரா

என் கணவர் திண்டுக்கல்லில் பூட்டு செய்கிறவர். எதையும் கழற்றிப் பார்க்காவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். நான் ஆசையாக வாங்கிய பழைய பிலிம் கேமராவில் சிறுமலையைப் படம் எடுத்தேன். பிரிண்டு வந்த அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மறுவாரமே ஃபிளாஷ் மின்னவில்லை.

"பேட்டரியக் கழட்டியாச்சு, இனி என்ன செய்யும்?" என்று ஸ்குரு டிரைவரை உள்ளே விட்டார் இவர். படாரென்று வெடித்தது. மனுஷர் சுவரோரம் போய் விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் முதல் வேலையாக, "பிளக்கே இல்லாத சாமான்ல ஏதுடி கரண்டு?" என்றார்.

பேட்டரியை எடுத்தாலும் ஃபிளாஷுக்குள் கரண்டு தேங்கி நிற்குமாம்; ரிப்பேர் கடைக்காரர் சொல்லித் திட்டினார். இப்போது ரிப்பேர் என்றால் நேராகக் கடைக்குத்தான் போகிறேன். ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவர், பூட்டே இல்லாத இந்தப் பெட்டியை மட்டும் தொடுவதில்லை.