அதிகம் பகிரவும்

நெடுமாறன் என்றால் கேன்டீனில் பாதிப் பேருக்குத் தெரியாது. காந்தகார் என்று சொன்னால்தான் தெரியும். முத்தாண்டிக்குப்பத்துக்காரன். நிலக்கரி மைன்ஸ் கேன்டீனில் கான்ட்ராக்ட் சமையல். நான் அதே மைன்ஸில் பர்மனென்ட் ஃபிட்டர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருப்பவன். அவன் கைமணத்துக்காக ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்ட நாட்கள் உண்டு. பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அவனுடைய அப்பா இந்தி போர்டுகளில் தார் பூசிய ஆள். மகனுக்குப் பாண்டியன் பேரை வைத்து வளர்த்தார். அந்த மகனோ காந்தகாரில் அமெரிக்க ராணுவ முகாமில் வருஷக்கணக்காகச் சமைத்து, இந்தியைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து சேர்ந்தான். துபாய் ஏஜென்ட் 'கேம்ப் வேலை' என்று மட்டும்தான் சொல்லியிருந்தானாம். இறங்கிய பிறகுதான் எந்த நாடு, யாருடைய கேம்ப் என்பதே தெரிந்தது.

லீவில் வந்தபோது மணிமொழியைப் பெண் பார்த்தார்கள். அவளுடைய தாய்மாமன் இந்த மைன்ஸ் ஊர் வழக்கப்படி முதல் கேள்வியே, "வேலை பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" என்று கேட்டார். தரகர் கொஞ்சம்கூட வாய் கூசாமல், "சண்டை நடக்கிற வரைக்கும் பர்மனென்ட்டுங்க" என்றாராம். மாமனும் திருப்தியாகத் தலையாட்டினார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான் நெடுமாறன். எனக்கென்னவோ அதில் சிரிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றியதில்லை.

அந்தச் சண்டை அமெரிக்காக்காரர்களுக்கே பிடிக்கவில்லை என்பான். ஒரு சிப்பாய் காலை வரிசையில் தட்டோடு நின்றுகொண்டு, "நீ எதுக்கு இங்க வந்தே?" என்று கேட்டிருக்கிறான். "சம்பளத்துக்கு." "நீ பரவாயில்லை. நான் எதுக்கு வந்தேன்னு எனக்கே தெரியலை" என்று சொல்லிவிட்டு ஆம்லெட்டை வாங்கிக்கொண்டு போனானாம்.

நசீர் அங்கே உள்ளூர்க்காரன். நெடுமாறனிடம் காய் நறுக்க வந்தவன், இந்திப் படம் பார்த்தே இந்தி கற்றவன். தினமும் கேட்டில் கையைத் தூக்கி நிற்கவைத்து அவனைத் தடவிப் பார்ப்பார்கள். அப்புறம் நாள் முழுக்க, தடவிப் பார்த்தவர்களுக்கே சோறு போடுவான். சிப்பாய்கள் சாப்பிட்ட பிறகு இவர்கள் இருவரும் தனிக் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நசீர் வீட்டிலிருந்து மாதுளை கொண்டுவருவான். நெடுமாறன் அவனுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தான். "மாறன் பாய்" என்றுதான் கூப்பிடுவானாம். ஊருக்குத் திரும்பிய பிறகும் பேச்சு நிற்கவில்லை. மணிமொழியும் நசீரின் மனைவியும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலேயே வீடியோவில் பிள்ளைகளைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொள்வார்கள்.

அமெரிக்காக்காரர்கள் கிளம்பிய அந்த ஆகஸ்ட் மாதம் டிவியில் விமானத்தின் பின்னால் ஜனங்கள் ஓடியதை எல்லோரும்தான் பார்த்தோம். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள்கூடப் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போவார்கள். இவர்கள் இருபது வருஷம் உட்கார்ந்திருந்த நாட்டை விட்டு அப்படியே எழுந்து போனார்கள்.

நசீர் போன் செய்தான். அமெரிக்கா போக விசா கேட்டிருக்கிறான். நம்மிடம் வேலை பார்த்தவன்தான் என்று ஒரு அமெரிக்கர் எழுதித் தர வேண்டும். கிச்சன் மேனேஜராக இருந்த டேனியலை எப்படியாவது கண்டுபிடித்துக் கொடு என்றான். நெடுமாறன் எழுதித் தந்தால் செல்லாது. அங்கேயும் அவன் கான்ட்ராக்ட்தானே! பழைய கம்பெனிக்கு மெயில் போட்டான், பதில் இல்லை. டேனியலின் நம்பர் உபயோகத்தில் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு காரியம் ஆகவேண்டும் என்றால் என்ன செய்வோம்? ஃபேஸ்புக் குரூப்பில் போடுவோம். ரத்தம் வேண்டுமா, போடு. பண்ருட்டி பஸ்ஸில் சர்ட்டிஃபிகேட் பையைத் தொலைத்த பெண்ணுக்கு மறுநாளே பை வீடு வந்து சேர்ந்தது அப்படித்தான். நெடுமாறனும் போட்டான். ஒரு கிறிஸ்துமஸ் அன்று எடுத்த படம். வெள்ளைத் தொப்பியோடு நசீர், நடுவில் டேனியல், அந்தப் பக்கம் இவன். கீழே நசீரின் பேர், அப்பா பேர், தெரு, ஊர். 'அமெரிக்க ராணுவ முகாமில் எங்களோடு உழைத்தவர். டேனியல் சார் கண்ணில் படும்வரை அதிகம் பகிரவும்.' தெரிந்த இங்கிலீஷிலும் எழுதினான்.

பகிர்ந்தார்கள். நம் ஜனங்கள் நல்லவர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். வடலூர், விருத்தாசலம், சிங்கப்பூர், துபாய் என்று படம் ஓடியது. ஃபேஸ்புக்கில் பக்கம் நடத்துகிற ஒருவன் நசீரின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமே போட்டுவிட்டான்.

இரண்டாம் நாள் நசீரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். நெடுமாறன் அதைக் கேன்டீனில் என் எதிரில்தான் போட்டுக் கேட்டான். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அந்தக் குரலுக்கு மொழி தேவைப்படவில்லை. அவன் கரண்டியை வைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டுக் கேட்டான்.

"என்னப்பா சொல்றாரு?"

"அழிச்சுடு பாய்ங்கிறாருண்ணே. வீட்ல இருந்த பேட்ஜ், போட்டோ எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டாராம். அமெரிக்காக்காரன்கிட்ட வேலை பாத்தவங்களைத் துப்பாக்கியோட தெருவுல வூடு வூடா தேடிகினு இருக்காங்களாம். இப்பப் போய் என் பேரை ஊருக்கே சொல்லிட்டியேன்னு அழுவுறாருண்ணே."

தன் பதிவை அந்த இடத்திலேயே அழித்தான். மற்றவர்கள் இறக்கிவைத்துக்கொண்டதை என்ன செய்வது? ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துக் கெஞ்ச ஆரம்பித்தான். டூட்டி முடிந்ததும் நானும் சேர்ந்துகொண்டேன். உயிருக்கு ஆபத்து, அழித்துவிடுங்கள் என்றால், "ஐயையோ, அப்ப இன்னும் நிறைய பேர் பாக்கணும்ணே" என்று மறுபடியும் பகிர்ந்தார்கள். ஒருவன் 'அவசரம்' என்று சேர்த்துப் போட்டான். எனக்கு வந்த கோபத்தில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். நல்லது செய்யப்போய்த் திட்டு வாங்கியதில் அவனுக்கு ரோஷம் வந்து, நீக்கவே முடியாது என்றுவிட்டான். ஃபேஸ்புக்கில் புகார் செய்தால், இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது.

கடைசியில் நெடுமாறன்தான் வழி கண்டுபிடித்தான். "அவரு நல்லபடியா போய்ச் சேந்துட்டாருங்க. இனிமே படம் வாணாம்." இதைச் சொன்னால் போதும், சந்தோஷமாக அழித்தார்கள். "நான் ஷேர் பண்ணது வீண் போவலை பாருங்க" என்றார்கள். அத்தனைக்கும் இவன், "ஆமாங்க, உங்களாலதாங்க" என்றான். அவனுடைய போனிலோ நசீருக்கு அனுப்பிய மெசேஜ்கள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன. அந்த வாய்ஸ் மெசேஜுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஆமாங்க, போய்ச் சேந்துட்டாரு. நேத்துதாங்க."

உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம். மணிமொழி ஈரக்கையோடு ஓடிவந்தாள். இவன் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"யாருங்க போய்ச் சேந்துட்டாரு? நசீர் அண்ணனா?"

"அமெரிக்காவுக்கு மணி. அமெரிக்காவுக்குப் போய்ச் சேந்துட்டாருன்னு சொன்னேன்."

"நெசமாவா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அங்கே அந்தப் பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறாளோ என்று அழுதாள். அவனுக்கும் கண்ணீர் கொட்டியது. அதற்குள் போன் மறுபடி அடித்தது. துபாய் நம்பர். அந்த ஆளிடமும் படம் இருந்தது.

"எடுங்க," என்றாள் மணிமொழி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஆனா மொட்டையா சொல்லாதீங்க. ஊரு பேரைச் சேத்துச் சொல்லுங்க."

அவன் எடுத்தான். "அமெரிக்காவுக்குப் போய்ச் சேந்துட்டாருங்க" என்றான். அடுத்த போன், அதற்கடுத்த போன். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஒவ்வொரு தடவையும் அவன் அமெரிக்காவைச் சொல்கிறானா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.