எட்டு வருஷத்தைத் திரும்பக் கேட்டவள்

முலுனேஷ் வேலை பார்ப்பது தரைக்குக் கீழே மூன்றாவது தளத்தில். வாஷிங்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடியில் இருக்கும் கார் நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டு அது. பதினாறு வருஷமாக அதற்குள் உட்கார்ந்து, சீட்டை வாங்கிப் பார்த்து, தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுகிறாள். மேலே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிற கார்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அவளுடைய ஆங்கிலமும் அந்தக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்ததுதான். அதில் அன்பாகப் பேச வராது. சண்டை போட நன்றாக வரும். சீட்டைத் தொலைத்தவர் முழுநாள் கட்டணம் கட்ட வேண்டும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு பெரிய பெரிய வக்கீல்களைத் தோற்கடித்திருக்கிறாள்.

அவளுக்கு வயதுகள் இரண்டு இருந்தன. உண்மையில் நாற்பத்தொன்பது. காகிதத்தில் ஐம்பத்தேழு.

இதில் அவள் செய்த தவறு ஒன்றுமில்லை. எத்தியோப்பியாவின் நாட்காட்டி மற்ற உலகத்துக்கு ஏழெட்டு வருஷம் பின்னால் நடக்கிறது. முலுனேஷ் அந்தக் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் பிறந்தவள். உலகம் அதை எழுபத்து மூன்று என்று சொல்லும். அமெரிக்க விசா லாட்டரியில் அவள் பெயர் விழுந்தபோது, தெஸ்ஸே நகரத்துத் தட்டச்சுக் கடைக்காரன் அவளுடைய ஞானஸ்நானச் சீட்டை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தான். பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினான், ஊரை மாற்றினான், மாதத்தைக்கூட மாற்றினான். வருஷத்தை மட்டும் இருந்தபடியே விட்டுவிட்டான். அது பாஸ்போர்ட்டில் ஏறி, விசாவில் ஏறி, கடைசியில் கிரீன் கார்டு என்கிற பச்சை அட்டையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. முலுனேஷ் விமானத்தில் ஏறியபோது முப்பத்து மூன்று, இறங்கியபோது நாற்பத்தொன்று.

திருத்தியிருக்கலாம். திருத்துவதற்கு ஒரு படிவம் உண்டு, அந்தப் படிவத்தோடு இணைக்க வேறு படிவங்களும் உண்டு என்று கேள்விப்பட்டதும் அவள் விஷயத்தைத் தள்ளிப்போட்டாள். வாரத்துக்கு ஆறு நாள் பூமிக்கு அடியில் இருப்பவளை யார் வயது கேட்கப் போகிறார்கள்?

கேட்டவள் எத்தாகெஞ். சில்வர் ஸ்பிரிங்கில் ஒரே அடுக்குமாடியில் முலுனேஷுக்கு மேல் வீடு. மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை. மற்ற நேரமெல்லாம் சர்ச்சில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பித் தருவது. குடியுரிமை வாங்கியே தீர வேண்டும் என்று முலுனேஷ் முடிவெடுத்த வாரமே எத்தாகெஞ் பேனாவோடு இறங்கி வந்துவிட்டாள். முலுனேஷ் காப்பிக் கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு யோகம்டி. ஐம்பத்தஞ்சு வயசு, பதினஞ்சு வருஷம் பச்சை அட்டை. ரெண்டும் இருந்தா இங்கிலீஷ் பரீட்சை கிடையாது. நம்ம பாஷையிலேயே கேள்வி கேப்பாங்க."

"எனக்கு ஐம்பத்தஞ்சு ஆகலியே."

"அட்டையில ஆயிருச்சே."

"அட்டைக்கு ஆனா எனக்கு ஆன மாதிரியா?"

"பரீட்சை அட்டைக்குத்தாண்டி வைக்கிறாங்க."

முலுனேஷ் வாணலியைக் கிளறுவதை நிறுத்தினாள். ஆங்கிலப் பரீட்சை என்றால் அவளுக்கு உள்ளூர நடுக்கம். சண்டை போடலாம், வாசிக்கவும் எழுதவும் வேண்டும் என்றால்? அவளுக்குத் தெரிந்த ஒருத்தி இரண்டு முறை தோற்று, இரண்டாம் முறை அங்கேயே அழுதிருந்தாள். எனவே எத்தாகெஞ் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வறுத்த கொட்டை கொஞ்சம் கருகிவிட்டது.

விஷயம் அதோடு நின்றிருந்தால் அவள் எட்டு வருஷத்தையும் அமெரிக்காவுக்குத் தானம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். ஆனால் எத்தாகெஞ்சின் வாயில் எதுவும் தங்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளைச் சால்வைகளோடு எல்லோரும் சர்ச்சின் கீழ்க்கூடத்தில் காப்பியும் சோளப்பொரியுமாக உட்கார்ந்திருந்தபோது, முலுனேஷுக்குக் கிடைத்த சலுகையை அவள் சந்தோஷமாக அறிவித்தாள். சலுகை எந்த வயதுக்குக் கிடைக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

அத்தனை தலையும் திரும்பியது. ஐம்பத்தைந்து தாண்டிவிட்டதா, பார்த்தால் தெரியவேயில்லையே என்றார்கள். முலுனேஷ் நாட்காட்டித் தவறை விளக்கினாள். விளக்க விளக்கப் பெண்கள் சால்வையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஏனென்றால் அந்தச் சமூகத்தில் நாற்பது தாண்டிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தன் அட்டையில் நாட்காட்டித் தவறு இருப்பதாகத்தான் சொல்வாள். அதில் ஐந்தாறு பேர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். யார் அந்த ஐந்தாறு பேர் என்று கண்டுபிடிக்க யாரும் மெனக்கெடவில்லை.

அன்றிலிருந்து மரியாதை தொடங்கியது. வயதில் மூத்த ஆணை 'காஷே' என்றும் பெண்ணை 'எத்தேத்தே' என்றும் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். போன வாரம்வரை முலுனேஷை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இந்த வாரம் எத்தேத்தே என்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு, அவளைவிட மூன்றே வயது இளையவளான ஒருத்தி எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுத்தாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. முலுனேஷ் அன்று கடைசிவரை நின்றுகொண்டே காப்பி குடித்தாள்.

கூடத்தின் மறுகோடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் தெஷாகர். டாக்ஸி ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், வயது ஐம்பத்தொன்று. தலையில் மருந்துக்குக்கூட நரை கிடையாது. ஒரு வருஷமாக மதிய வேளைகளில் அவருடைய டாக்ஸி மூன்றாவது தளத்துக்கு இறங்கி வந்து, கூண்டின் பக்கத்தில் நின்று, முலுனேஷின் பிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பைக் காப்பி குடித்துவிட்டுப் போகிறது. அங்கே இறங்கி ஏற எந்தப் பயணியும் இருந்ததில்லை. இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.

மொழிபெயர்ப்பாளரை விண்ணப்பதாரர்தான் அழைத்து வர வேண்டும் என்று எத்தாகெஞ் சொன்னபோது, தானே வருவதாக முன்வந்தவர் அவர்தான். முலுனேஷ் மறுத்தாள். எத்தாகெஞ் அவள் சார்பில் சம்மதித்துவிட்டாள்.

நேர்காணல் நாளன்று டாக்ஸியில் போகும்போது முலுனேஷ் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"அந்தத் தேதி இருக்கே, அது தப்புங்க. உண்மையிலேயே தப்பு."

தெஷாகர் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார். கேலியே இல்லாத, மிகவும் அன்பான சிரிப்பு. "தெரியும்மா. எங்க அக்காவுக்கும் அப்படித்தான். அவங்களுக்கு நாலு வருஷமா நாப்பத்தஞ்சு."

கேலி செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். இந்த அன்பை என்ன செய்வது? முலுனேஷ் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் தெஸ்ஸேயிலிருந்து கொண்டுவந்த ஞானஸ்நானச் சீட்டு இருந்தது. எதற்கு எடுத்து வந்தோம் என்று காலையில் அவளுக்கே தெரியாது. இப்போது லேசாகத் தெரிய ஆரம்பித்தது.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்த ஓர் அம்மாள். இருவரையும் வலது கையை உயர்த்தச் சொன்னாள். உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை என்று முலுனேஷும், சொன்னதை மாற்றாமல் மொழிபெயர்ப்பேன் என்று தெஷாகரும் சத்தியம் செய்தார்கள். பெயர் கேட்டாள், முகவரி கேட்டாள். பிறகு பிறந்த தேதி கேட்டாள். தெஷாகர் அதைத் தாழ்ந்த குரலில், மிகுந்த மரியாதையோடு மொழிபெயர்த்தார்.

அறுபத்தைந்து என்று சொன்னால் இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதே அறுபத்தைந்தைக் குடியுரிமைச் சான்றிதழில் அச்சடிப்பார்கள். பிறகு ஜென்மத்துக்கும் அது மாறாது. ஒருநாள் கல்லறையிலும் அதையே வெட்டுவார்கள். கார் கண்ணாடியில் தெரிந்த சிரிப்பும் அப்படியே நின்றுவிடும்.

முலுனேஷ் மொழிபெயர்ப்பாளரைத் தாண்டி நேராக அதிகாரியைப் பார்த்தாள். கூண்டில் பேசுகிற ஆங்கிலம் வெளியே வந்தது.

"தேதி தப்பு. எனக்கு நாப்பத்தொம்பது. பேப்பர் இருக்கு. இந்தா."

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். சீட்டைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள். மேசை இழுப்பறையிலிருந்து எத்தியோப்பிய வருஷங்களும் அதற்கு நேரான வருஷங்களும் அச்சடித்த ஒரு தாளை எடுத்து விரலால் கீழே தேடிக்கொண்டு போனாள். அந்தத் தாளின் ஓரங்கள் நைந்துபோயிருந்தன.

"இது சரிதான்னு வச்சுக்குவோம். அப்புறம் எதுக்கு படிவத்தில பழைய தேதியைப் போட்டீங்க?"

"பயம்."

"இப்ப பயம் இல்லையா?"

"இருக்கு."

அதிகாரி நிதானமாக எடுத்துச் சொன்னாள். தேதியைத் திருத்தினால் வயதுச் சலுகை போய்விடும். பரீட்சை ஆங்கிலத்தில், இப்போதே, இந்த நாற்காலியிலேயே. தோற்றால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. வேண்டுமானால் யோசித்துக்கொள்ளலாம்.

"யோசிச்சாச்சு," என்றாள் முலுனேஷ். "எட்டு வருஷம் என்னுது. எழுதுங்க."

அதிகாரி சிவப்புப் பேனாவால் தேதியை அடித்து மேலே புதிதாக எழுதினாள். பக்கத்தில் முலுனேஷ் கையெழுத்துப் போட்டாள். இனி மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று தெஷாகரை வெளியே அனுப்பினார்கள். அவர் எழுந்தபோது நெற்றியில் வியர்வை. கைக்குட்டையால் துடைத்தார், கைக்குட்டையில் கறுப்பாக ஏதோ அப்பியது. டாக்ஸிப் புகை என்று முலுனேஷ் நினைத்துக்கொண்டாள்.

முதலில் படிவக் கேள்விகள். நீங்கள் எப்போதாவது குடிப்பழக்கத்துக்கு அடிமையாக இருந்ததுண்டா? முலுனேஷ் சத்தியத்தை நினைத்துக்கொண்டு, ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் தேன் கள் குடிப்பதாகவும், போன ஈஸ்டரில் கொஞ்சம் அதிகமாகிவிட்டதாகவும் சொன்னாள். நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா? "குடுத்தா ஏந்துவேன்."

வாசிக்கக் கொடுத்த முதல் வரியில் தடுக்கி விழுந்தாள். இரண்டாவதைச் சிறுபிள்ளைபோல் எழுத்துக் கூட்டி முடித்தாள். எழுதுவதற்கு, நாங்கள் வரி கட்டுகிறோம் என்று சொன்னாள் அதிகாரி. கட்டுவது பற்றிய சொற்களைத்தான் முலுனேஷ் பதினாறு வருஷமாக அட்டையில் எழுதிக் கூண்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அறிவிப்புப் பலகைபோல அத்தனையும் பெரிய எழுத்தில், இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதினாள்.

பிறகு நாட்டைப் பற்றிய கேள்விகள். பத்தில் ஆறு சரியாக இருந்தால் போதும். ஏழு கேள்வியில் ஐந்து தேறியிருந்தது. எட்டாவது, சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன?

புத்தகத்தில் படித்த பதில் போன இடம் தெரியவில்லை. முலுனேஷ் சுவரைப் பார்த்தாள். பிறகு கூண்டில் உட்கார்ந்திருப்பதுபோல நிமிர்ந்தாள்.

"சீட்டு தொலைஞ்சா முழுநாள் கட்டணம். வக்கீலா இருந்தாலும் கட்டணும். நீங்க வந்தாலும் கட்டணும்."

அதிகாரி கண்ணாடியை மறுபடியும் தலைக்கு ஏற்றினாள். பிறகு கேட்டாள், "ஜனாதிபதி வந்தா?"

"முழுநாள்."

அதிகாரி தாளில் ஒரு குறி போட்டாள். "பாஸ்."

முலுனேஷ் வெளியே வந்தபோது தெஷாகர் டாக்ஸியில் உட்கார்ந்திருந்தார். அவள் கையிலிருந்த காகிதத்தை அவர் முன்னால் பிடித்தாள். தேர்ச்சி என்ற வார்த்தையை அவர் பார்க்க வேண்டும் என்பதற்காக அல்ல. கட்டை விரல் சரியாகப் பிறந்த வருஷத்துக்குக் கீழே இருந்தது. அவர் படித்தார். வாழ்த்துச் சொன்னார். வண்டியைக் கிளப்பவில்லை.

"நான் உங்களை நம்பலை," என்றார் கொஞ்சம் கழித்து. "தப்புதான்."

"பரவால்ல. யாருமே நம்பலை."

"இன்னொண்ணு இருக்கு." ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "உங்க தட்டச்சுக் கடைக்காரன் வருஷத்தை மாத்த மறந்துட்டான் இல்ல? எங்க ஊர்க்காரன் ஒழுங்கா மாத்திட்டான். அதுக்கப்புறம் அலுவலகத்தில இருந்தவன், மாத்தலைன்னு நெனச்சு பிறந்த வருஷத்தில இன்னொரு எட்டைக் கூட்டிட்டான்."

முலுனேஷுக்குக் கணக்கு வர இரண்டு விநாடி ஆயிற்று. "அப்ப உங்களுக்கு?"

"ஐம்பத்தொம்பது."

"தலை?"

"சாயம்."

அவள் கைக்குட்டையை நினைத்தாள். ஒரு வருஷமாக நாற்பத்தொன்பதுக்கு ஐம்பத்தொன்று, தனக்குக் கொஞ்சம் மூத்தவர், பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று கூண்டுக்குள் தனியாகப் போட்டுவைத்திருந்த கணக்கையெல்லாம் நினைத்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"என் சான்றிதழ்லயே அச்சாயிடுச்சு," என்றார் தெஷாகர் பரிதாபமாக. "பத்து வருஷம் ஆச்சு."

"அதைத் திருத்தறதுக்கும் ஒரு படிவம் இருக்கும். எத்தாகெஞ் நிரப்பித் தருவா. வேணும்னா நான் மொழிபெயர்க்க வர்றேன்." முலுனேஷ் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "வண்டிய எடுங்க, காஷே."

அந்தக் கடைசிச் சொல்லுக்கு அவர் முகம் போன போக்கைப் பார்க்க, அடுத்த சிக்னல்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

மறுநாள் மதியம் டாக்ஸி வழக்கம்போல மூன்றாவது தளத்துக்கு இறங்கி வந்தது. அதில் அன்றும் பயணி யாரும் இல்லை. முலுனேஷ் பிளாஸ்கைத் திறந்தாள், கோப்பையில் காப்பியை ஊற்றினாள். பிறகு கூண்டின் கதவைத் திறந்து, எழுந்து நின்று, தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள்.