மணல் வாளி

ஸ்ரீராம்புரத்தில் செல்போன் பழுது பார்க்கும் அவருக்கு இடது புருவத்தில் முடி கிடையாது. எந்தப் போனையும் மோந்து பார்த்த பிறகுதான் திறப்பார். காலடியில் எப்போதும் ஒரு வாளி மணல் இருக்கும்.

ஒரு மத்தியானம், என் போனின் பேட்டரி உப்பிவிட்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"போன் எங்கண்ணா?"

"வீட்ல. அமுங்கட்டும்னு அரிசி மூட்டைக்கு அடியில வெச்சிருக்கேன்."

அவர் கை அப்படியே நின்றது. "அது என்ன அப்பளமாண்ணா? வீட்ல யாரு இருக்காங்க?"

"பொண்ணு. மூட்டை பக்கத்துலதான் தூங்குறா."

வாளியைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஓடிவந்தார். மூட்டையை மெல்ல நகர்த்திப் போனை மோந்தார்.

"இனிப்பா வாசனை வருது, பேட்டரி கசியுது. பாப்பாவ வெளிய தூக்கிட்டுப் போங்க."

போனை வாசலுக்குக் கொண்டுபோய் வாளி மணலுக்குள் புதைத்தார். சிறிது நேரத்தில் மணல் புகைந்தது.

அவருடைய புருவத்தைப் பற்றி நான் இன்றுவரை கேட்டதில்லை.