சுளுக்கு என்று சொன்ன ஆறு வாரம்

நானும் என் தங்கையும் இரட்டைப் பிள்ளைகள். நான் பத்து நிமிடம் முன்னால் பிறந்தவள். காஞ்சிபுரத்தில் நாங்கள் வளர்ந்த தெருவில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். இரட்டையாகப் பிறந்தவர்கள் எண்ணெய் தொட்டு வழித்துவிட்டால் மூன்று நாளில் சுளுக்கு இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆறு வயதிலேயே அந்த வேலை எங்களுக்கு வந்துவிட்டது. கழுத்து பிடித்துக்கொண்ட பெரிய மனிதர்கள் எங்கள் முன்னால் குனிந்து உட்காருவார்கள். நாங்கள் பின்னால் நின்றுகொண்டு, நல்லெண்ணெயில் விரலை நனைத்து மேலிருந்து கீழாக வழித்துவிடுவோம். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் பாடத்தின் நடுவே எங்கள் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டுப்போய் இடுப்பைக் காட்டியிருக்கிறார். யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது, வாங்கினால் கை பலிக்காது என்பார் அம்மா.

தங்கைக்கு இதில் முழு நம்பிக்கை. எனக்கு அவ்வளவு இல்லை. சாதாரணச் சுளுக்கைத் தொடாமல் விட்டாலும் நாலைந்து நாளில் தானாகவே இறங்கிவிடும் என்று பத்தாவது படிக்கும்போதே எனக்குத் தோன்றிவிட்டது. ஆனால் வருகிறவர்களிடம் அதைச் சொன்னதில்லை. கல்யாணமாகி அவள் ஐயம்பேட்டைக்குப் போனாள். நான் ஊரிலேயே ஒரு நெசவுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன். போன இடத்தில் அவள் நல்ல பேர் வாங்கினாள். முசரவாக்கத்திலிருந்தும் கூரத்திலிருந்தும்கூட ஆட்டோ வைத்துக்கொண்டு அவளைத் தேடி வருவார்கள். என்னிடமும் மாதத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். வழித்துவிட்டு, "ஒண்ணுமில்லமா, சுளுக்குதான்" என்று சொல்லி அனுப்புவேன். நாற்பத்தாறு வயது வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் ஒரு காலை. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு தறி, ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. இரண்டுமே குழித்தறி. தரையில் தோண்டிய பள்ளத்துக்குள் காலைத் தொங்கவிட்டு, கீழே இருக்கும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே நெய்ய வேண்டும். இரண்டு மணி நேரம் ஒரே இருப்பாக இருந்துவிட்டு, அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து சட்டென்று எழுந்தேன். வலது கால் மரத்துப்போயிருந்தது எனக்குத் தெரியவில்லை. குழியின் விளிம்பில் அதை ஊன்றியபோது பாதம் உள்பக்கமாக மடங்கி, உடம்பின் மொத்த பாரமும் அதன் மேல் இறங்கியது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்தது போல ஒரு சத்தம். எனக்கு நன்றாகக் கேட்டது. அடுத்த தறியில் இருந்த அவருக்கும் கேட்டதாம். அதைப் பிற்பாடுதான் சொன்னார்.

அவர் ஊடை நூல் ஓட்டும் நாடாவைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கி உட்கார வைத்தார். கணுக்காலின் வெளிப்பக்கம் என் கண்ணெதிரிலேயே எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியது.

"ஆட்டோ கூப்புடறேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிக்கினு வந்துடலாம்."

"எதுக்குங்க? சுளுக்குதான்."

அந்த வார்த்தை வாயில் தயாராக இருந்தது. யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் யோசித்தேன். தெருவுக்கே சுளுக்கு எடுக்கிற வீட்டிலிருந்து நான் ஆட்டோவில் ஏறி எலும்பு டாக்டரிடம் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் வந்தது. அதைவிட, ஐயம்பேட்டைக்குச் செய்தி போனால் தங்கை என்ன நினைப்பாள் என்பது பெரிதாக இருந்தது.

பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து அவர் ஐஸ் வாங்கிவந்து துண்டில் சுற்றி வைத்தார். அது ஒன்றுதான் அந்த ஆறு வாரத்தில் சரியாகச் செய்த வைத்தியம் என்று டாக்டர் பின்னால் சொன்னார். அதையும் நான் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன், குளிர்ச்சி உள்ளே இறங்கினால் நீர் கோத்துக்கொள்ளும் என்று. புளியைக் கெட்டியாகக் கரைத்து, கல்லுப்பு போட்டுக் கொதிக்கவைத்து, சூடாக இருக்கும்போதே பற்றுப் போட்டுக்கொண்டேன். அது காய்ந்து தோலை இழுத்துப் பிடிக்கும்போது வேறொரு வலி வரும். அந்த வலியை நம்பினேன்.

மறுநாள் காலையில் தங்கை ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். நான் சொல்லவில்லை, அவர்தான் போன் செய்திருக்கிறார். உள்ளே வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் என் காலைப் பார்த்தாள். அதற்குள் வீக்கம் பாதம் முழுக்கப் பரவி, கத்தரிக்காய் நிறத்தில் விரல்வரை இறங்கியிருந்தது.

"இன்னாடி இப்டி இருக்குது? நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"மழையில நீ எதுக்கு வரணும்னுதான்."

எண்ணெயைச் சூடு காட்டிக்கொண்டு வந்து என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே ஆரம்பித்துக் கட்டைவிரலால் அழுத்தி வழித்தாள். கணுக்கால் அருகே வந்ததும் விரல் நின்றது.

"இங்க முடிச்சு மாதிரி ஒண்ணு தட்டுப்படுது. நரம்பு பிசகிக்கினு இருக்குது. ரவ பொறுத்துக்கோ."

அந்த முடிச்சின் மேல் கட்டைவிரலை வைத்துக் கீழே தள்ளினாள். நான் மூன்று பிள்ளை பெற்றவள். அப்படி ஒரு வலியை அதற்கு முன் அறிந்ததில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. முடித்துவிட்டு அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்டி இருக்குது?"

"தேவலாம்," என்றேன். "இப்போ லேசா இருக்குது."

மூன்று நாள் வழித்தாள். இறங்கவில்லை. கெட்டிச் சுளுக்கு, இன்னும் மூன்று நாள் பார்க்கலாம் என்றாள். அதற்கப்புறம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டோம். ஒருநாள் விட்டு ஒருநாள், தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவாள். அவள் வராத நாளில் நானே நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பேன். கல்லுப்பை முடிந்து தோசைக்கல்லில் சூடு காட்டி ஒற்றியெடுப்பேன். ஒருமுறை சூடு அதிகமாகி, ரூபாய் அகலத்துக்குத் தோல் வெந்து கொப்புளம் போட்டது. மெடிக்கல் கடையில் வாங்கிய மாத்திரை நாலு மணி நேரம் தாங்கும். அந்த நாலு மணி நேரத்தில்தான் தறியில் உட்காருவேன். வலது கால் மிதிக்க வேண்டியதையும் இடது காலாலேயே எட்டி மிதிப்பேன். கல்யாணப் புடவை ஒன்று பாதியில் நின்றிருந்தது. பாதியில் இன்னொருத்தர் கை மாறினால் நெசவின் இறுக்கம் மாறி, புடவையில் கோடு மாதிரி தெரிந்துவிடும்.

எங்களுடையது முட்டை நுழையாத வீடு. நாலாவது வாரம் எதிர்வீட்டு அம்மா, முட்டையின் வெள்ளைக்கருவையும் உளுத்தமாவையும் குழைத்துக் கட்டினால் எலும்பு வரைக்கும் இறுக்கிப் பிடிக்கும் என்றார். கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அதையும் கட்டிக்கொண்டேன். கட்டு காய்ந்து பலகை மாதிரி ஆனதும், காலை அசைக்க முடியாததால் வலி கொஞ்சம் அடங்கியது. எனக்கு அழுகை வந்தது. இரண்டாவது நாள் தங்கை வந்து அதை வெந்நீர் ஊற்றிக் கரைத்தாள்.

"இத்தக் கட்டிக்கினு இருந்தா ரத்த ஓட்டம் நின்னுடும்," என்றாள். திரும்பவும் எண்ணெய்.

கால் மெல்ல உருவம் மாறிக்கொண்டிருந்தது. கருநீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகியது. ஆனால் வெளிப்பக்கம் இருந்த மேடு இறங்கவே இல்லை. நின்றால் பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நடக்கக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் அப்படி நடந்து வந்து சாப்பாடு எடுத்து வைத்தபோது அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். எங்கள் இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் குரலை உயர்த்தியது மிகக் குறைவு.

"உனக்கு இன்னா பயம்? உன் தங்கச்சி கோச்சுக்குவான்னா? அன்னிக்கு அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. சுளுக்குக்கு அப்டிச் சத்தம் வராதுமா!"

"கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் காலையில் ஆட்டோ வாசலில் நின்றது. அது தங்கை வருகிற நாள். அவள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குவதற்கும் நான் இந்த ஆட்டோவில் ஏறுவதற்கும் சரியாக இருந்தது. எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்போ விழுந்தீங்க?"

"ஆறு வாரம் ஆச்சு."

"அன்னிக்கே எலும்பு உடைஞ்சிருக்கு. அப்போ வந்திருந்தா கட்டு போட்டே சரி பண்ணியிருக்கலாம். இப்போ நகர்ந்து போய், நகர்ந்த இடத்துலயே ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. நடந்தீங்களா?"

"நடந்தேன்."

"யாராச்சும் தேய்ச்சு விட்டாங்களா? உருவி விட்டாங்களா?"

"இல்ல மேடம்," என்றேன். "நானேதான் ஒத்தடம் குடுத்துக்கினேன்."

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கை எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"நான்தான் மேடம் வழிச்சு விட்டேன்," என்றாள். "இந்த முடிச்சுதான். நரம்புன்னு நெனச்சேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. அது நரம்பு இல்லை, உடைந்த எலும்பின் முனை என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். தங்கை படத்துக்குப் பக்கத்தில் போய், தன் கட்டைவிரலை அந்த இடத்துக்கு நேராக, படத்தைத் தொடாமல் வைத்துப் பார்த்தாள். பிறகு கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஒட்டியதைத் திரும்பப் பிரித்து, பிளேட் வைத்து, ஸ்க்ரூ போட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு தங்கை பத்து நாள் எங்களோடு வந்து இருந்தாள். சமைத்தாள், துணி துவைத்தாள், என் தலையை வாரிவிட்டாள், பாத்ரூமுக்குத் தோள் கொடுத்துக் கூட்டிப்போனாள். காலுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்ய மட்டும் அவரைக் கூப்பிடுவாள். அவர் வெளியே போயிருந்தால் காத்திருப்பாள். மாவுக்கட்டுக்குள் விரல்கள் வீங்கியிருக்கின்றனவா என்று தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதையும் எட்ட நின்றே பார்ப்பாள்.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, மத்தியானம், அவர் கடைக்குப் போயிருந்தார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்குத் தாங்க முடியவில்லை.

"தப்பு என்னுதுதான். நீ கேட்டப்போல்லாம் தேவலாம், தேவலாம்னு சொல்லிக்கினு இருந்தேன். வலிக்குதுன்னு ஒருவாட்டி சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்பே. பொய் சொன்னேன்டி."

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீ பொய் சொல்றது. உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? முந்தானையைக் கடிச்சுக்கினு இருந்தே. ரெண்டாவது வாரமே எனக்குச் சந்தேகம். நரம்பு இவ்ளோ நாள் அப்டி நிக்காது."

"அப்புறம் ஏன்டி அழுத்தினே?"

கீரைத் தண்டுகளை ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

"நிறுத்தினா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிடும்ல. உன் கால்ல தெரியாதுன்னா, அதுக்கு முன்னாடி வந்தவங்க கால்லயும் தெரியாதுதானே. எத்தினி பேரு. கொழந்தைங்கள்லாம் வந்திருக்குது. அத்த நெனச்சு நெனச்சு, இன்னும் ரெண்டு நாளுல இறங்கிடும், இறங்கிடும்னு..."

நான் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். முடியவில்லை. மாவுக்கட்டுக்குள் கால் குத்திக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் வந்தது கோபம்தான், கெட்டியான கோபம். என் மேலும் அதே அளவுக்கு வந்திருக்க வேண்டும். அது வர இன்னும் சில மாதம் ஆனது. அவர் திரும்பி வரும்வரை அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

ஊருக்குப் போனதும் அவள் வழிப்பதை விட்டுவிட்டாள். வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறாளாம். சிலர் சண்டை பிடிக்கிறார்களாம், அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறாளே, தலைக்கனம் ஏறிவிட்டது என்று. இதெல்லாம் அவள் மகள் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் நடக்கிறேன். மழைநாளில் ஸ்க்ரூ இருக்கும் இடம் குளிர்ந்து வலிக்கிறது. படியில் இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க முடிகிறது. தறியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதில்லை. நான் விட்டதை அவர் தன் தறியிலிருந்து எழுந்து வந்து நெய்கிறார். அதனால் புடவையில் தெரிகிற கோட்டைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டும் ஆறு வாரம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று அவரை நான் திரும்பக் கேட்கவில்லை.

என்னிடம் இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். போன மாதம் ஒரு பெண் கால் வீங்கி, நொண்டிக்கொண்டே வந்தாள். காலை ஊன்றி நாலு அடி நடக்கச் சொன்னேன். முடியவில்லை. தேய்க்காதே, சூடு வைக்காதே, துணியில் சுற்றி ஐஸ் வை, காலை உயர்த்தி வைத்துக்கொள், இன்றைக்கே போய்ப் படம் எடு என்று சொன்னேன்.

"நீங்க ரவ வழிச்சு மட்டும் விடுங்கக்கா. அதுக்கப்புறம் போறேன்," என்றாள்.

முடியாது என்றேன். அவள் முகம் சுருங்கியது. அவளோடு வந்த மாமியார் வாசலில் இறங்கும்போதே, ஐயம்பேட்டையில் இவங்க தங்கச்சி இருக்காங்க, அங்கே போகலாம் என்று சொன்னது காதில் விழுந்தது. அவர்கள் ஆட்டோவில் ஏறுவதற்குள் நான் தங்கைக்குப் போன் செய்தேன். எடுத்தாள்.

"ரெண்டு பேரு வராங்க. கால் ஊன்ற முடியல."

"சரி, படம் எடுக்க அனுப்பிச்சுடறேன்," என்றாள். பிறகு, "உன் கால் எப்டி இருக்குது?" என்று கேட்டாள்.

"வலிக்குது," என்றேன்.