குதிரை இறக்க இடம்

அம்மாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, எங்கள் குதிரை லாரியின் தரைப்பலகைகளைக் குத்திப் பார்த்தது. குதிரை மூத்திரம் ரப்பர் விரிப்புக்கு அடியில் இறங்கி மரத்தைத் தின்னும். மேலே பார்த்தால் தெரியாது. ஓடும் வண்டியில் பலகை விட்டுப்போனால் குதிரையின் கால் சாலையில் உரசும். அதனால் மழை நின்றதும் அம்மா வண்டிக்கு அடியில் படுத்து, திருப்புளியால் ஒவ்வொரு பலகையாகக் குத்துவாள். இந்த முறை அவளுக்குத் தோள்வலி. நான் படுத்தேன். அவள் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள்.

"அங்க இல்லடி, ஓரத்துல குத்து. மூலையிலதான் ஊறும்."

"குத்திட்டேன். கெட்டியா இருக்கு."

"நீ சொல்லாத. திருப்புளி சொல்லட்டும்."

"திருப்புளியும் அதையேதான் சொல்லுது."

"அப்ப சரி. ரெண்டு இன்ஜினியரும் ஒண்ணா சொன்னா நான் என்ன பேசறது."

நான் தண்ணீர் பம்பு வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். வீட்டில் எது ஒழுகினாலும் இந்தப் பேச்சு வரும்.

அப்போது வண்டி ஓடவில்லை. துறைமுகப் பாதையில் இரவு குதிரைகளை இறக்க ஓர் இடம் கிடைக்கும்வரை ஒரு குதிரையையும் ஏற்றுவதில்லை என்று அம்மா நிறுத்தி வைத்திருந்தாள்.

காரணம் எளிது. வண்டியில் குதிரைகள் ஒன்றையொன்று கடிக்காமல் இருக்கத் தலையைத் தூக்கிக் கட்ட வேண்டும். தலை மேலேயே இருந்தால் மூக்கிலும் தொண்டையிலும் சேரும் தூசியும் சளியும் வெளியே வடியாது, நுரையீரலுக்குப் போகும். இரவு முழுக்கக் கீழே இறக்கி, தலையைத் தரைவரை தாழ்த்த விட்டால் எல்லாம் வடிந்துவிடும். இறக்காமல் ஓட்டினால் சில குதிரைகளுக்கு ஒன்றும் ஆகாது. சிலவற்றுக்குக் காய்ச்சல் வரும்.

பண்ணைகளிலிருந்து துறைமுகத்துக்குக் குதிரை ஏற்றி முதலில் வண்டி ஓட்டியவர் அப்பா. முதுகுத்தண்டு போய் அவர் படுத்த பிறகு சாவி அம்மாவிடம் வந்தது. அதுவரை அவள் மலையடிவாரக் குதிரைப் பண்ணையில் கொட்டடி கழுவிக்கொண்டிருந்தாள். குதிரை தெரியும், வண்டி தெரியாது. அப்பா படுத்தபடியே வழி சொன்னார். எங்கே திரும்ப வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்று எல்லாம் சரியாகச் சொன்னார். ஆனால் அவர் சொன்ன இடங்களெல்லாம் ஆண்கள் தங்கும் இடங்கள். ஒன்று சாராயக்கடையின் பின்கட்டு. இன்னொன்றில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

"குதிரைக்கு இடம் குடுக்கறவன் எனக்குக் குடுக்க மாட்டேங்கறான். எனக்குக் குடுக்கறேங்கறவன் மூஞ்சியைப் பாத்தா, குதிரையே போதும்னு தோணுது" என்று முதல் பயணம் முடிந்து வந்து சொன்னாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு அவர் வழி சொல்லவில்லை.

அவளே தேடினாள். கண்ட வாசலையெல்லாம் தட்டினாள். மதில் இருக்கிறதா, லாரி திரும்புமா, முள்கம்பி உண்டா, வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பாள். கடைசியில் பாதி வழியில் ஒரு மரக்கடை கிடைத்தது. பின்னால் பெரிய முற்றம். கடைக்காரர் வயதானவர்.

"எனக்கு மரம்னா தெரியும்மா. குதிரைக்கு என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்ண்ணே. கேட்டைச் சாத்தினா போதும்."

அன்றிலிருந்து அவர் அண்ணன், இவள் தங்கச்சி. அவர் மனைவி அலுவலக அறையில் அம்மாவுக்குப் பாய் போட்டுவைப்பார். "ரெண்டு கால்ல வர்ற விருந்தாளிக்குக் குதிரை தேவலை. சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு சொல்லாது" என்பாராம். நான் படித்து, வேலைக்குப் போய், அப்பா இறந்து, அத்தனை வருடமும் அந்த முற்றம் இருந்தது.

போன கோடையில் கடைக்காரர் போய்ச் சேர்ந்தார். மகன்கள் இடத்தை விற்றுவிட்டார்கள். யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவள் மூன்று குதிரைகளோடு சாயங்காலம் போய் நின்றபோது, கேட்டில் புதுப் பூட்டு, உள்ளே கான்கிரீட் தூண்கள். பக்கத்து ஆலையில் கேட்டாள். காவலாளி, "குதிரைன்னா சரிங்க. பொம்பளை தங்கறதுன்னா முதலாளியைக் கேக்கணும்" என்றான். முதலாளி போனை எடுக்கவில்லை. இன்னும் சில வாசல்கள் தட்டினாள். பிறகு ஓட்டிக்கொண்டே போய்விட்டாள்.

துறைமுகத்தில் இறக்கியபோது ஒரு சிவப்புப் பெண்குதிரை தீவனத்தைத் தொடவில்லை. மூக்கில் மஞ்சளாக ஒழுகியது. அந்த வாரமே செத்தது. நெஞ்சுக்கூடு முழுக்கச் சீழ் என்றார் மருத்துவர். குதிரையின் சொந்தக்காரர் அம்மாவைத் திட்டவில்லை. "தூரப் பயணத்துல இதெல்லாம் சகஜம்மா" என்றார்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "சகஜம்னா நான் எதுக்குடி இத்தனை வருஷம் ஊர் ஊரா கதவைத் தட்டினேன்?" என்று கேட்டாள். அவள் சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

அந்தப் பாதையில் ஓட்டும் மற்றவர்களும் மரக்கடையில்தான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது நிற்காமல் ஓட்டினார்கள். ஒருவர் வீட்டுக்கு வந்து கிண்டல் செய்தார்: "என்னக்கா, குதிரைக்குத் தலகாணியும் தேடறீங்களா?" கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இடம் கிடைச்சா சொல்லுங்க. கண்ட இடத்துல இறக்கி முன்னாடி ஒண்ணு காலை உடைச்சுக்கிச்சு. நீங்க பாத்துச் சரின்னா நாங்க நம்பி இறக்குவோம்."

நான் ஓர் அறிவிப்பு அடித்துக் கொடுத்தேன். 'குதிரைகள் இறக்க இடம் தேவை', கீழே தொலைபேசி எண். வழியிலுள்ள பெட்ரோல் பங்குகளிலும் டீக்கடைகளிலும் அந்த ஓட்டுநர் ஒட்டினார். முதல் அழைப்பு ஒரு பெரியவரிடமிருந்து. அம்மா போனைச் சத்தமாக வைத்தாள்.

"எத்தனை குதிரைம்மா?"

"மூணு, நாலு இருக்கும்ங்க."

"எல்லாம் ஒண்ணாவா சாகுது? குழி ஆழமா வெட்டணுமே."

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ எழுதின லட்சணத்தைப் பாரு. ஊரே மண்வெட்டியோட நிக்குது." இருவரும் சிரித்தோம். அந்தச் சிவப்புக் குதிரைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். பாதியில் நிறுத்திவிட்டாள். 'இரவு தங்க' என்று மாற்றி அடித்தேன்.

பலகை பார்த்து முடித்து நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் போனில் கூப்பிட்டார். நோய் வந்து கோழிகளெல்லாம் போன பிறகு, பண்ணை காலியாகக் கிடக்கிறது. மதில் உண்டு, குழாய் உண்டு. "நான் தனியாத்தான் இருக்கேன். நீங்க வீட்டுக்குள்ளயே படுத்துக்கலாம்க்கா."

அம்மா ஈரக் கையை இடுப்பில் துடைத்தாள். "கோழித் தூசி குதிரைக்கு ஆகாதும்மா. நல்லாக் கழுவி விடு. கம்பிவலை இருந்தா பிரிச்சுடு. சனிக்கிழமை நானே வந்து பாக்கறேன். நான் பாக்காம யாரையும் இறக்க விடாத."

வியாழக்கிழமை காலை குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பு. அழுத்தம் கூடிக் குழாய் உடைவது எனக்குத் தெரிந்த விஷயம்தான். மருத்துவர் படத்தில் காட்டி விளக்கினார். கேட்டுக்கொண்டேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

லாரிக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். கிண்டல் செய்த ஓட்டுநர் வாசலில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தபடி கேட்டார். "அக்கா சொன்ன அந்தக் கோழிப்பண்ணையைப் போய்ப் பாத்துட்டாங்களா?" இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

அவள் போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று அடித்தது.

"அக்கா இருக்காங்களா?"

"இல்லீங்க."

"வெளியில போயிருக்காங்களா? கோழிப்பண்ணைல இருந்து பேசறேன். ஷெட்டைக் கழுவிக் கழுவிக் கை தேஞ்சுபோச்சு. வலையெல்லாம் பிரிச்சாச்சு. முந்தாநாள் ஒருத்தர் குதிரையோட வந்து இறக்கட்டுமான்னு கேட்டாரு. அக்கா பாக்கணும், அப்புறம்தான்னு அனுப்பிட்டேன். அப்படியே துறைமுகத்துக்குப் போறேன்னு போயிட்டாரு. நான் செஞ்சது சரிதானே?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சனிக்கிழமை வர்றேன்னாங்க. எந்தச் சனிக்கிழமைன்னு நான்தான் கேக்காம விட்டுட்டேன்."